உலக வளிமண்டல மாதிரிகள் மாசை அகற்றும் கணக்கு: வன்னியை ஒரு பெட்டியாக வைத்துச் செய்துபார்க்கும் முறை

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் இரண்டாம் வாரத்தில், வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நிலைகொண்டிருந்தபோது, இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து இழுத்துவரப்பட்ட மாசு இலங்கையின் பல நகரங்களைப் புகைமூட்டத்தில் ஆழ்த்தியது. 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை அறிவிக்கப்பட்டது. அன்று பலரும் தொலைபேசித் திரையில் சிவப்பும் ஊதாவுமாக விரிந்த வரைபடங்களைப் பார்த்தார்கள். அந்த நிறங்களுள் பெரும்பாலானவை எந்தக் கருவியும் அளந்தவையல்ல. காற்று எங்கே போகிறது, வழியில் எவ்வளவு மாசு விழுந்து அழிகிறது என்று ஒரு கணினி மாதிரி கணக்கிட்டுச் சொன்ன விடைகள் அவை. வெளியேறும் மாசைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அகற்றப்படும் மாசைப் பற்றிய கணக்கே வன்னி போன்ற, ஆலைகள் குறைந்த, தொலைவிலிருந்து வரும் காற்றைச் சுவாசிக்கும் நிலத்துக்கு முதன்மையானது என்பது என் கருத்து.

உயர்தர வகுப்புக் கணிதமும் எக்செல் போன்ற ஒரு விரிதாளும் ஒரு மழைமானியின் பதிவேடும் இருந்தால், பெரிய மாதிரிகள் செய்வதன் சாரத்தை நீங்களே செய்துபார்க்கலாம். அதற்கான வழி கீழே தரப்படுகிறது.

பெட்டியை வரைதல்

உலக மாதிரிகள் வளிமண்டலத்தை அகலாங்கு நெட்டாங்கு வழியே பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு மாசுக்கும் ஒரேயொரு செறிவை வைத்துக்கொள்கின்றன. வடக்கு 9 முதல் 10 பாகை வரையும் கிழக்கு 80 முதல் 81 பாகை வரையும் ஒரு பெட்டியை வரையுங்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, இரணைமடு, ஆனையிறவு, யாழ்ப்பாண நகரம், பருத்தித்துறை ஆகிய எல்லாமே அதற்குள் அடங்கிவிடும். வவுனியாவும் மன்னார் நகரமும் வெளியே நிற்கும். பெட்டியின் கணிசமான பகுதி கடலாக இருக்கும். ஏ9 வீதியோரத்துக் கிரவல் தூசும் முல்லைத்தீவுக் கடலின் உப்புத் துணிக்கையும் மாதிரியின் கண்ணில் ஒரே இடத்துப் பொருட்கள். அரைப்பாகை, கால்பாகை என்று நுணுக்கமாக வெட்டும் மாதிரிகளும் உண்டு. ஆனால் முறை ஒன்றுதான்.

குளத்தின் நீர்க்கணக்கை அறிந்தவருக்கு இந்தப் பெட்டியின் கணக்கு புதிதாக இராது. வாய்க்கால் வழியே வரும் நீருக்கு நிகராக மாசின் வெளியீடும் பக்கத்துப் பெட்டியிலிருந்து காற்றோடு வரும் பங்கும் உள்ளன. துருசு, கசிவு, ஆவியாதல் ஆகியவற்றுக்கு நிகராக அகற்றும் வழிகள் உள்ளன. இருப்பை வெளியேற்ற வீதத்தால் வகுத்தால் வருவது வாழ்நாள். இந்த ஒரு சொல்லை மட்டும் இறுகப் பற்றிக்கொள்ளுங்கள்.

இப்போது எண்களை இடுங்கள். பகலில் நிலத்தை ஒட்டிய காற்று நன்றாகக் கலக்கும் உயரத்தை 1 கிலோமீற்றர் என்றும், நுண்துணிக்கைகளின் செறிவைக் கனமீற்றருக்கு 40 மைக்குரோகிராம் என்றும் கொள்ளுங்கள். ஒரு சதுரமீற்றர் நிலத்துக்கு மேலே 40 மில்லிகிராம் மாசு தொங்குகிறது. பெட்டியின் பரப்பு 12,100 சதுரகிலோமீற்றர் ஆதலால் மொத்த இருப்பு ஏறத்தாழ 484 தொன். கண்ணுக்குப் புகார் போலத் தெரிவதன் எடை அவ்வளவு. இனி இந்த 484 தொன்னை இறக்கும் வழிகளை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும்.

உலர்படிவு

மழை இல்லாத நாளிலும் மாசு இலையிலும் மண்ணிலும் நீரிலும் ஒட்டிக்கொள்கிறது. மாதிரிகள் இதைப் படிவு வேகம் என்னும் எண்ணால் கையாள்கின்றன. செறிவைப் படிவு வேகத்தால் பெருக்கினால், ஒரு சதுரமீற்றரில் ஒரு செக்கனுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பது வரும். அந்த வேகத்தைப் பெற, மின்சுற்றில் தொடராக இணைக்கப்பட்ட மூன்று தடைகளைப் போல மூன்று தடைகளைக் கூட்டி, அதன் தலைகீழை எடுக்கிறார்கள். முதலாவது, காற்றின் கொந்தளிப்பு மாசை நிலத்துக்கு அருகே கொண்டுவருவதற்கு உள்ள தடை. வெயில் எரிக்கும் பகலில் இது சிறியது, காற்று அசையாத இரவில் மிகப் பெரியது. இரண்டாவது, இலையின் மேற்பரப்பை ஒட்டியுள்ள மிக மெல்லிய அசைவற்ற படலத்தைக் கடக்கும் தடை. மூன்றாவது, மேற்பரப்பே மாசை ஏற்றுக்கொள்வதற்குக் காட்டும் தடை. வாயுக்களைப் பொறுத்தவரை இதில்தான் உயிரியல் நுழைகிறது. ஓசோன் இலைவாய்கள் திறந்திருக்கும்போது உள்ளே போகும். நீரில் எளிதில் கரையாததால் நீர் நிறைந்த வயலும் கடலும் அதனை அதிகம் ஏற்பதில்லை. கந்தகவீரொட்சைட்டு நனைந்த இலையையும் நீர்ப்பரப்பையும் விரும்பிப் பற்றும். நைத்திரிக்கமிலம் எதைத் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். அதன் மூன்றாவது தடை ஏறத்தாழப் பூச்சியம்.

பல உலக மாதிரிகள் இன்றும் சார்ந்திருக்கும் தடை அட்டவணை 1989இல் வெஸ்லி என்பவர் வெளியிட்டது. அதில் 11 நிலவகைகளும் 5 பருவங்களும் உள்ளன. பருவங்களுள் ஒன்று நிலத்தில் பனி மூடிய குளிர்காலம், மற்றொன்று உறைபனிக்குப் பிந்திய இலையுதிர்காலம். காலபோகமும் சிறுபோகமும் அதில் இல்லை. நெல்வயல் என்ற நிலவகையும் இல்லை. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் நமது உலர்வலயக் காட்டை எந்த வகைக்குள் இடுவது என்பதை மாதிரியை அமைப்பவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தின் விளைவை நாம் வரைபடத்தில் நிறமாகக் காண்கிறோம். எனவே ஒரு மாதிரியைப் பயன்படுத்தப் புகுமுன், உங்கள் பெட்டிக்கு அது எந்த நிலவகையை ஒதுக்கியிருக்கிறது என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

நமது பெட்டியில், நுண்துணிக்கைகளின் படிவு வேகத்தைச் செக்கனுக்கு 0.1 சென்ரிமீற்றர் என்று இடுங்கள். வேகத்தைக் கலப்பு உயரத்தால் வகுத்தால் அகற்றும் வீதம் கிடைக்கும். அதன் தலைகீழ் பத்து இலட்சம் செக்கன்கள், அதாவது ஏறத்தாழ 11.6 நாட்கள். கந்தகவீரொட்சைட்டுக்கு 0.5 சென்ரிமீற்றர் என்று இட்டால் 2.3 நாட்கள் வரும். இரவில் கலப்பு உயரம் சில நூறு மீற்றர்களாகச் சுருங்கும்போது கணக்கு மாறும் என்பதையும், அப்போது முதலாம் தடை பெருத்து வேகமே விழுந்துவிடும் என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். உயரத்தை மட்டும் குறைத்துவிட்டு வேகத்தைப் பகல் அளவிலேயே விட்டுவிடுவது தொடக்கநிலையில் அநேகமாக எல்லோரும் செய்யும் பிழை.

பெரிய துணிக்கைகளுக்கு ஈர்ப்பே போதும். 10 மைக்குரோமீற்றர் விட்டமும் நீரின் அடர்த்தியும் கொண்ட துணிக்கை செக்கனுக்கு ஏறத்தாழ 0.3 சென்ரிமீற்றர் வேகத்தில் இறங்குகிறது. 1 கிலோமீற்றரைக் கடக்க நான்கு நாட்களுக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். மண் துணிக்கை அதைவிட அடர்த்தி கூடியது, ஆகவே இன்னும் விரைவாக விழும். 1 மைக்குரோமீற்றர் துணிக்கைக்கு அதே தூரம் இறங்க ஓராண்டுக்குக் கிட்டத்தட்டப் பிடிக்கும். கிரவல் வீதியில் லொறி போனபின் எழும் தூசு வேலியோரத்திலேயே படிவதற்கும், புகை நாட்டைக் கடந்து போவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மழை

கந்தகத்திலிருந்து உருவாகும் சல்பேற்றுத் துணிக்கைகளில் பத்தில் எட்டு ஒன்பது பங்கை மாதிரிகள் மழையாலேயே அகற்றுகின்றன. ஆகையால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள்.

மழை இரு விதமாகக் கழுவுகிறது. முகிலுக்குள்ளே, துணிக்கைகளே நீர்த்துளிகளின் கருவாக அமைகின்றன. அந்தத் துளிகள் சேர்ந்து மழையாகும்போது கருவும் உடன் இறங்குகிறது. முகிலுக்குக் கீழே, விழும் துளி வழியில் அகப்பட்டதை அள்ளுகிறது. இரண்டாவதே கண்ணுக்குத் தெரிவதால் பலரும் அதையே பெரிதென எண்ணுகிறார்கள். நுண்துணிக்கைகளைப் பொறுத்தவரை முதலாவதே வலியது. மிகச் சிறிய துணிக்கைகள் தாமே அலைந்து துளியில் மோதுகின்றன, பெரியவை தம் திணிவினால் விலக முடியாமல் மோதுகின்றன, 0.1 முதல் 1 மைக்குரோமீற்றர் வரையான இடைப்பட்டவை துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு வழுகித் தப்பிவிடுகின்றன. புகையின் பெரும்பங்கு அந்த அளவினதே. புதிதாக எழுந்த கரித்துகள் நீரை ஏற்பதில்லை. காற்றில் ஓரிரு நாட்கள் கிடந்து சல்பேற்றுப் பூச்சுப் பெற்ற பின்னரே முகிலின் கருவாக அமையும். இதனால் அறுவடைக்குப் பிந்திய வைக்கோல் எரிப்பின் புகையும், கொல்கத்தாப் பக்கத்திலிருந்து பல நாள் பயணித்து வந்த புகையும், ஒரே மழையில் ஒரே அளவாகக் கழுவப்படுவதில்லை.

வாயுக்களுக்குக் கரைதிறனே அளவுகோல். ஹென்றியின் மாறிலி என்ற எண்ணை மாதிரிகள் அட்டவணையில் வைத்திருக்கின்றன: ஒரு வளிமண்டல அழுத்தத்தில் ஒரு லீற்றர் நீரில் எத்தனை மூல் கரையும் என்பது அது. ஓசோனுக்கு 0.01, கந்தகவீரொட்சைட்டுக்கு ஏறத்தாழ 1.2, நைத்திரிக்கமிலத்துக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம். மழை ஓசோனைக் கழுவாது என்று மாதிரி தீர்மானிப்பது இந்த ஓர் எண்ணாலேயே. கந்தகவீரொட்சைட்டு நடுவில் நிற்கிறது. அது நீரில் அயனாகப் பிரிவதால் நீரின் அமிலத்தன்மையைப் பொறுத்து மேலும் பல மடங்கு கரைகிறது. முகில்நீரில் ஐதரசன் பேரொட்சைட்டு இருந்தால் விரைவில் சல்பேற்றாக மாறி அங்கேயே தங்கிவிடுகிறது. இந்த வேதிமாற்றத்தை விட்டுவிட்டுக் கரைதிறனை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் விடை மிகக் குறைவாக வரும்.

இனி, நமது பெட்டியில் ஒக்டோபர் மாதத்து மாலை இடிமழையைப் பெய்ய விடுங்கள். முகிலுக்குக் கீழான கழுவலுக்குச் சில மாதிரிகள் பயன்படுத்தும் எளிய எண், ஒரு மில்லிமீற்றர் மழைக்கு 0.1 என்பதாகும், மீதியாகும் பங்கு, அந்த எண்ணை மழையளவால் பெருக்கி வருவதை மறை அடுக்காக வைத்து 2.718ஐ உயர்த்துவதால் கிடைக்கும். 10 மில்லிமீற்றர் மழை பெய்த இடத்தில் 37 வீதம் மிஞ்சும், 63 வீதம் போகும். ஆனால் அந்த மழை பெட்டியின் ஐந்திலொரு பங்கில் மட்டுமே பெய்தது; மாங்குளத்தில் வெள்ளம் ஓட, பரந்தனில் புழுதி பறப்பது நமக்குப் பழக்கமானதே. ஆகவே முழுப் பெட்டியிலும் அகற்றப்பட்டது 12.6 வீதம், ஏறத்தாழ 61 தொன். இப்போது அதே நீரைப் பெட்டி முழுவதும் பரப்பிவிடுங்கள்: எங்கும் 2 மில்லிமீற்றர். அகற்றப்படுவது 18.1 வீதம், ஏறத்தாழ 88 தொன். ஒரு துளி நீரும் கூடவில்லை. மழையின் விரிவு மட்டும் மாறியது. கழுவப்பட்ட மாசு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிட்டது.

இது வெறும் பயிற்சிக் கணக்கன்று. உலக மாதிரிகளின் மழை, உண்மையைவிட அடிக்கடியும் மெல்லியதாகவும் பெய்கிறது என்பது அத்துறையினர் நெடுங்காலமாக ஒப்புக்கொள்ளும் குறை. ஓராண்டின் மொத்த மழை சரியாக இருக்கும்போதே அது பெய்யும் விதம் பிழையாக இருக்கலாம். தூறலாகப் பெய்யும் மாதிரி மாசை அளவுக்கு மீறிக் கழுவிவிடும். இதனால் ஒவ்வொரு மாதிரியும் பெட்டியின் எத்தனை பங்கில் மழை பெய்கிறது என்று ஊகிக்க ஒரு விதியை வைத்திருக்கிறது. அந்த விதியைத் தேடிப் படியுங்கள். வேறெந்த விதியையும்விட வன்னிக்கான விடையை அதுவே ஆட்டிவைக்கும்.

இன்னும் இரு நுணுக்கங்கள் உள்ளன. இடிமுகிலில் காற்று செங்குத்தாக மேலெழும். மேலெழும்போதே மாசு கழுவப்பட வேண்டும். முதலில் மாசை மேலே ஏற்றிவிட்டுப் பிறகு கழுவினால், கரையக்கூடிய மாசும் உயர்வளிமண்டலத்துக்குப் பொய்யாகத் தப்பிவிடும். மற்றையது, விழும் மழை உலர்ந்த காற்றில் நிலத்தை எட்டுமுன் ஆவியானால், அது சுமந்த துணிக்கை கீழ்ப்படையிலேயே திரும்பவும் விடுபடும். மழை வந்ததாலேயே கீழ்க்காற்றில் மாசு கூடும் நிலையும் உண்டு.

வேதி அழிவு

இதனைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐதரொட்சில் மூலிகம் வெயிலில் உருவாகி, காபனோரொட்சைட்டை ஓரிரு மாதங்களிலும் மெதேனை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளிலும் அழிக்கிறது. அயன வலயத்தின் வெயிலும் ஈரப்பதமும் அந்த மூலிகத்துக்கு உகந்தவை. வன்னியின் ஒரு பெட்டிக்கு இவற்றின் அழிவைத் தனியே கணக்கிடுவதில் பயனில்லை. காற்று செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் அடித்தால் ஆறு மணித்தியாலத்தில் பெட்டியே மாறிவிடுகிறது.

விரிதாளில் அடுக்குதல்

ஒவ்வொரு வரியும் அரை மணித்தியாலம் என்று கொள்ளுங்கள். பெரிய மாதிரிகளும் ஏறத்தாழ அந்த அளவுக் காலப்படியிலேயே வெளியீடு, காற்றோட்டம், முகில்வழி ஏற்றம், வேதியியல், படிவு என்று ஒவ்வொன்றையும் வேறு வேறாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கின்றன. நிரல்களில் நேரம், கலப்பு உயரம், மழையளவு, மழைபெய்த பங்கு, உலர்படிவு வீதம், ஈரப்படிவு வீதம், முடிவில் இருப்பு ஆகியவற்றை இடுங்கள். அகற்றலை, இருப்பிலிருந்து வீதமும் காலமும் பெருக்கி வரும் தொகையைக் கழிப்பதாக எழுத வேண்டாம். கனத்த மழையில் அந்தத் தொகை இருப்பை மீறி விடை மறையெண்ணாகும். அடுக்குக்குறிச் சார்பால் பெருக்குவதே பாதுகாப்பானது. கழுவப்பட்டதை இன்னொரு நிரலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்: உள்ளே வந்ததும் இருப்பும் இறங்கியதும் வெளியேறியதும் ஒவ்வொரு வரியிலும் சமப்பட வேண்டும். சமப்படாவிட்டால் மேலே போக வேண்டாம்.

மழைத் தரவுக்கு அண்மையிலுள்ள மழைமானிப் பதிவு சிறந்தது. இடைவெளிகளை நிரப்ப, நாசாவின் ஐமேர்க் செய்மதி மழைத்தரவு 0.1 பாகை நுணுக்கத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பெட்டிக்குள் நூறு சிறு பெட்டிகள் இருப்பதால், மழைபெய்த பங்கை எண்ணியே எடுத்துவிடலாம்.

சோதித்தல்

மாசின் வெளியீட்டளவே ஐயத்துக்குரியது என்பதால், அகற்றலை மட்டும் பிரித்துச் சோதிக்க இயற்கையான சுவடுகளை நாடுகிறார்கள். மண்ணிலிருந்து எழும் இரேடன் வாயு, 3.8 நாள் அரைவாழ்வுக் காலத்தோடு சிதைந்து, இறுதியில் 22 ஆண்டு அரைவாழ்வுள்ள ஈயம்-210 ஆகி நுண்துணிக்கைகளில் ஒட்டிக்கொள்கிறது. அண்டக்கதிர்களால் உயரத்தில் உருவாகும் பெரிலியம்-7 மேலிருந்து வருகிறது. ஒன்று கீழிருந்தும் மற்றது மேலிருந்தும் புறப்படுவதால், இரண்டையும் சரியாகப் படியவைக்கும் மாதிரியே நம்பத்தக்கது. 2011இல் புகுஷிமா விபத்து, விரும்பத்தகாத முறையில், இன்னொரு சோதனையைத் தந்தது. அங்கிருந்து வெளியேறிய செனன்-133 மழையில் கழுவப்படாத வாயு. சீசியம்-137 துணிக்கைகளில் ஒட்டிப் போனது. இரண்டின் விகிதம் நாளுக்கு நாள் எவ்வாறு சரிந்தது என்பதிலிருந்து துணிக்கைகளின் அகற்றல் காலம் ஏறத்தாழ 14 நாட்கள் என்று கணிக்கப்பட்டது. அதே நிகழ்வுக்கு மாதிரிகள் தந்த விடைகள் 5 நாட்களுக்குச் சற்றுக் குறைவிலிருந்து ஏறத்தாழ 27 நாட்கள் வரை பரந்து கிடந்தன. துணிக்கை மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஏரோகொம் என்னும் திட்டத்தின், 2006இல் வெளிவந்த ஒப்பீட்டில், 16 மாதிரிகளின் சராசரி வாழ்நாள் கடலுப்புக்கு அரை நாள், சல்பேற்றுக்கும் மண்தூசுக்கும் ஏறத்தாழ நான்கு நாட்கள், கரித்துகளுக்கு ஏழு நாட்கள் என்று அமைந்தது.

இந்த வேறுபாடுகள் வன்னியில் என்ன பொருள்படும் என்பதை இறுதிக் கணக்காகச் செய்யுங்கள். கொல்கத்தாவிலிருந்து கிளிநொச்சி நேர்கோட்டில் ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். வாடைக்காற்று செக்கனுக்கு 7 மீற்றர் வேகத்தில் நேரே வருவதாகக் கொண்டால் பயணம் 2.8 நாட்கள். வாழ்நாள் 10 நாட்களானால் புறப்பட்டதில் 75 வீதமும், 5 நாட்களானால் 57 வீதமும், வழிநெடுக மழை பெய்து வாழ்நாள் 2 நாட்களாகக் குறைந்தால் 25 வீதமும் அகற்றலுக்குத் தப்பி வந்துசேரும். காற்று பரவி நீர்த்துப்போவது இதற்கு மேலான தனிக்கணக்கு. சோளகக் காற்றுக் காலத்துக்கு இதையே மாற்றிச் செய்யுங்கள்: நுரைச்சோலை அனல்மின் நிலையத்திலிருந்து வடகிழக்கே வவுனியா ஏறத்தாழ 120 கிலோமீற்றர், செக்கனுக்கு 6 மீற்றர் காற்றில் ஐந்தரை மணித்தியாலப் பயணம், கந்தகவீரொட்சைட்டின் வாழ்நாளை 2 நாட்கள் என்று வைத்தாலும் 89 வீதம் அகற்றப்படாமலே வந்துவிடும். அங்கே நீர்த்தலே முழுக் கதையும். அகற்றல் கணக்கில் பிழை இருந்தாலும் விடை பெரிதாக அசையாது.

ஆகவே வாடைக்காலத்து மாசு வரைபடம் ஒன்று அடுத்தமுறை உங்கள் கைக்கு வரும்போது, அதே மாதிரி, அந்தக் காற்று பயணித்து வந்த மூன்று நாட்களுக்கு வங்காள விரிகுடாவின் மேல் பெய்ததாகச் சொல்லும் மழையையும் பதிவிறக்கி, ஐமேர்க் காட்டும் மழையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதிரியின் மழை அதிகப் பரப்பில் மெல்லியதாகப் பரந்து கிடந்தால், கிளிநொச்சிக்கு அது சொல்லும் செறிவை விடச் சற்றுக் கூடுதலான செறிவையே எதிர்பார்க்க வேண்டும்.